முருகன் யாரைக் காப்பாத்தினான்?



சித்திரை மாசம், ஒரு சாயங்காலம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பீளமேட்டில் திடீர்னு சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை. அரை மணி நேரந்தான். வாசல் வேப்பமரம் ரோட்டுப் பக்கமா சாய்ஞ்சுது, வீடு தப்பிச்சுது. மருதமலை இருக்கிற மேற்குத் திசையைக் கும்பிட்டு, "முருகன் காப்பாத்திட்டான்"னு சொன்னேன்.

பின்னாடி லைன் வீட்டு அக்காவுக்குத் தகரக்கூரை பறந்துபோச்சு. நனைஞ்ச அரிசியை அள்ளிக்கிட்டே கேட்டாங்க: "அப்ப எங்கள ஏனுங்க கைவிட்டுட்டான்? நானும் கிருத்திகை விரதம் இருக்கறவதானுங்க."

பதில் சொல்ல முடியலை. கோடைச் சூட்டில் எழும் இடிமேகம் காற்றைக் கீழே தள்ளும்போது பக்தியைப் பார்ப்பதில்லை. என் கூரை கான்கிரீட், அவங்களுது தகரம். வித்தியாசம் அவ்வளவுதான். அதை அருள்னு நான் சொன்னால், அவங்களுக்கு அருள் இல்லைன்னு ஆகிடுமே!

ரெண்டு நாள் கரண்ட் இல்லை. அக்கா குடும்பம் எங்க வீட்டிலேயே படுத்தாங்க. தொட்டித் தண்ணியைப் பங்கு போட்டுக்கிட்டோம். மூணாம் நாள் எல்லாரும் சேர்ந்து தகரம் மாட்டினோம்.

தப்பிச்சவங்க கதவைத் திறந்து வைக்கணுங்க. முருகனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான்.

முருகா சரணம்.