அவர் யாருக்கு என்ன பாக்கி?

20 கோல், 31 கோலுக்கு உதவி, மொத்தம் 51 புள்ளி. 1993-94இல் ஒட்டாவா செனட்டர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் அலெக்சாந்தர் டெய்கல் ஆடிய முதல் பருவத்தின் கணக்கு இது. பத்தாண்டு கழித்து, 2003-04இல், மினசோட்டா வைல்ட் அணியில் அவர் எடுத்ததும் அதே 20, அதே 31, அதே 51. முதல் 51ஐப் பார்த்து "இவ்வளவுதானா?" என்றார்கள். இரண்டாவது 51க்கு, மீண்டு வந்தவர் என்று கைதட்டினார்கள். அந்த ஆண்டு அவர் அணியிலேயே அதிகப் புள்ளி அவருடையதுதான்.

ஒரே எண் ஒருமுறை ஏமாற்றமாகவும் மறுமுறை சாதனையாகவும் எப்படி ஆகும்? ஆடியவர் ஒருவரே. அளந்தவர்களின் அளவுகோல்தான் வேறு.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கியூபெக் இளையோர் லீக்கில் 53 ஆட்டங்களில் 137 புள்ளி எடுத்த பையன் அவர். அதே பருவத்தில் ஒட்டாவா 70 ஆட்டங்களில் தோற்றது. கடைசி இடத்துக்கு வந்தால் புதிய வீரர்கள் தேர்வில் அவரை முதலில் எடுக்கலாம் என்பதற்காகவே தோற்றார்களோ என்று சந்தேகம் கிளம்பி, ஒட்டாவா ஆடிய என்.எச்.எல். லீக் விசாரணையே நடத்தியது. வேண்டுமென்றே தோற்றதற்குச் சான்று இல்லை. ஆனாலும் உரிமையாளரின் பேச்சுக்காக அணிக்கு 1 லட்சம் டாலர் அபராதம். பிறகு அவரையே முதலில் தேர்ந்தெடுத்து, அந்த 18 வயதுப் பையனோடு 5 ஆண்டுக்கு 1 கோடியே 22.5 லட்சம் டாலர் ஒப்பந்தம். புதியவர்களின் சம்பளத்துக்கு 1995இல் லீக் உச்சவரம்பு கொண்டுவந்ததற்கு இந்த ஒப்பந்தம் ஒரு முக்கியக் காரணம்.

பிள்ளை ராஜயோக ஜாதகம் என்று சொல்லிவிட்டுப் போகிறார் ஜோசியர். பலிக்கவில்லையென்றால் அவரை யாரும் கேட்பதில்லை. பிள்ளையைத்தான் உதவாக்கரை என்கிறோம். டெய்கலுக்கு நடந்தது இதுதான். கணித்தவர்களை யாரும் கேட்கவில்லை; கணிக்கப்பட்டவர் காலமெல்லாம் வசை சுமந்தார்.

"காசு வாங்கினாரே?" என்பார்கள். வாங்கினார், ஆடினார். என்.எச்.எல்.லில் 616 ஆட்டம், 327 புள்ளி. "இரண்டாவதாக வந்தவனை யாரும் நினைவில் வைப்பதில்லை என்று தானே வாய்விட்டாரே?" ஆம். அந்தத் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்ட கிறிஸ் பிராங்கர் ஸ்டான்லி கோப்பை வென்று, புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். 18 வயதில் பேசிய ஒரு வாக்கியத்துக்கு வாழ்நாள் தண்டனை விதிக்கும் நியாயம் எந்த ஊர் நியாயம்?

எனக்கு உறுத்துவது வேறொன்று. 25 வயதில் அவர் ஆட்டத்தையே விட்டு விலகினார். இரண்டு பருவம் லீக் பக்கமே வரவில்லை. அதைத்தான் பெருங்குற்றமாகச் சொல்கிறார்கள். திறமை இருப்பவன் அதைக் கடைசிச் சொட்டு வரை ஊருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று யார் விதித்தது? அவர் கால், அவர் மூச்சு, அவர் நாள். பிறகு தானாகவே திரும்பி வந்தார், சுவிட்சர்லாந்து போனார், டாவோஸ் அணியில் பட்டமும் வென்றார். இதையெல்லாம் "வீணாய்ப்போன வாழ்க்கை" என்று எழுத எப்படி மனம் வருகிறது?

நம் வீடுகளிலும் பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை முப்பது வயதில் சாதாரண வேலையில் இருந்தால் இதே பேச்சுதான். அடுத்த முறை அப்படிச் சொல்ல வாயெடுக்கும்போது, அந்தப் பிள்ளை உங்களுக்கு எழுதிக் கொடுத்த கடன்பத்திரத்தை முதலில் காட்டுங்கள்.