விலைக்கு வாங்கிய விருந்து

விருந்தோம்பலுக்கு விலை உண்டா? உண்டெனில் அது விருந்தோம்பல் ஆகுமா? பழைய வினாவே எனினும், இத்தாலி நாட்டின் புளோரன்சு நகரத் தெருக்களில் இஃது இன்றும் எழக் காணலாம்.

அந்நகரில் பெரிய தங்கும் விடுதிகளேயன்றி, குடும்பத்தார் தம் இல்லத்தில் ஓரிரு அறைகளை ஒதுக்கி, இரவு தங்க இடமும் காலையில் சிற்றுண்டியும் அளிக்கும் மனைகளும் உள்ளன. கனத்த மரக்கதவைத் தள்ளி, தேய்ந்த கற்படிகளில் மூன்று மாடி ஏறினால், செங்கல் தளமும் மர உத்தரங்கள் தாங்கும் உயர்ந்த கூரையும் கொண்ட அறை காத்திருக்கும். விடிந்ததும் வீட்டுத் தலைவியே காப்பி காய்ச்சிப் பால் சேர்த்து, ரொட்டியும் பழப்பாகும் எடுத்து வைப்பார். எந்தத் தேவாலயத்தில் எந்நேரம் கூட்டம் குறைவு என்பதையும் சொல்லித் தருவார். புறப்படும் நாளில் கணக்குச் சீட்டை நீட்டுபவரும் அவரே. இங்கேதான் சிலர் முகம் சுளிக்கின்றனர். அன்பெனத் தோன்றியது அனைத்தும் வாணிகந்தானோ என ஐயுறுகின்றனர். பெரிய விடுதியில் இருமடங்கு பணம் கொடுத்தவர்க்கு இவ்வையம் எழுவதில்லை. அங்கே அன்பை எவரும் எதிர்பார்ப்பதே இல்லை!

விலையில்லா விருந்தை அந்நகரம் அறியாததன்று. வறுமையை வெளியே சொல்ல நாணிய குடும்பங்களுக்கு உதவுவதற்காக 1442 ஆம் ஆண்டில் அங்கே ஓர் அறக்குழு தோன்றியது. அக்குழுவினரின் சிறிய வழிபாட்டுக் கூடத்துச் சுவரோவியங்களில், வழிப்போக்கர்க்கு இடமளிக்கும் காட்சியும் தீட்டப்பட்டுள்ளது. இடமளித்தல் அங்கே அறம், வாணிகம் அன்று.

ஆயினும் இலவச விருந்துக்கு இன்னொரு முகமும் உண்டு. புளோரன்சில் பிறந்த மகாகவி தாந்தே, 1302 ஆம் ஆண்டில் நாடு கடத்தப்பட்டார். வெரோனாவிலும் பிற ஊர்களிலும் புரவலர் இல்லங்களில் வாழ்ந்து, பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1321 இல் இராவென்னாவில் மறைந்தார். அவருடைய ஊர் ரொட்டி உப்பின்றிச் சுடப்படுவது. பிறர் வீட்டு ரொட்டியின் உப்பை அவர் தம் காவியத்தில் பாடியதன் பொருள் அவ்வூரார்க்கு எளிதில் விளங்கும். கொடுத்தவர் மறந்தாலும் உண்டவர் நெஞ்சில் கடன் நிற்கிறது. காசு அக்கடனைத் தீர்த்துவிடுகிறது. விலை கொடுத்தவர் தலைகுனியாமல் உண்கிறார். விலை பெற்றவரும் முகம் மலர்ந்து வழியனுப்புகிறார். ஆகவே காசு கைமாறியதனாலேயே விருந்து கெட்டுவிட்டது என்பது பொருந்தாது.

இத்தாலிய மொழியில் ‘ஓஸ்பித்தே’ என்னும் ஒரே சொல் விருந்தினரையும் குறிக்கும், விருந்து அளிப்பவரையும் குறிக்கும். இருவரும் ஒரு கூரையின்கீழ் இருந்தால்தான் அச்சொல்லுக்கு உயிர். அண்மைக் காலத்தில் நிகழ்ந்த கேடு இதிலேதான். வீட்டில் வாழ்ந்தவரே வெளியேறிவிட, அறைகள் அனைத்தும் பயணிகளுக்காகிவிட்ட மனைகள் பெருகின. கைப்பேசியில் வந்த எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். வரவேற்க எவரும் இரார். பயணிகள் தரும் நாள் வாடகையோடு போட்டியிட இயலாத குடும்பங்கள் நகரின் புறத்தே குடிபெயர்ந்தன. தாந்தேயை வெளியேற்ற ஓர் ஆணை தேவைப்பட்டது. இவர்களை வெளியேற்ற வாடகையே போதுமாயிற்று. பயணி தம் விலையை முழுமையாகக் கொடுத்தவர்தாம். எனினும் அவ்விலை வீட்டுக்கு உரியவரைச் சேர்ந்ததேயன்றி, மாடிப்படியை விட்டிறங்கிப் போன அண்டை வீட்டாரைச் சேரவில்லை. பழங்காலத் தெருவின் அழகைத் தேடி வந்தவரே, அத்தெருவில் துணி உலர்த்தியும் சண்டையிட்டும் வாழ்ந்தோரின் இடத்தில் படுத்துறங்குகிறார்.

1982 இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்நகரின் பழைய பகுதியில், குறுகிய கால வாடகைக்குப் புதிதாக வீடு விடுவதைத் தடுக்க நகர மன்றம் 2023 அக்டோபரில் தீர்மானித்தது. முன்பே அவ்வாறு விடப்பட்டிருந்த வீடுகளை அத்தடை தொடவில்லை. அவற்றுள் எவ்வீட்டில் இன்னும் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுகிறது என்பதை, அறைக்கு முன்பணம் அனுப்பும் பயணிதான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.