மாணவன் சிந்திய கண்ணீர்

ஆசிரியர் உரைத்த பொருளை மனம் ஏற்க மறுத்தால் மாணவன் என் செய்வது? மௌனம் காப்பதுதான் அடக்கமா?

ஒரகடம் வரை பரந்த கார் ஆலைகளால் இன்று பெயர் பெற்றிருக்கும் ஸ்ரீபெரும்புதூரில்தான் 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்தார் என்பது மரபு. அவர் காஞ்சியில் யாதவப் பிரகாசரிடம் பயின்ற நாளில் நிகழ்ந்ததாக வைணவ நூல்கள் ஒரு செய்தி கூறும். ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார் மாணவர். உபநிடதச் சொல்லொன்றை விளக்கிய ஆசிரியர், இறைவனின் கண்ணைக் குரங்கின் பின்புறத்தோடு ஒப்பிட்டுவிட்டார். மாணவரின் சுடுகண்ணீர் ஆசிரியரின் தொடையில் விழுந்தது. காரணம் வினவப்பட்டபோது அச்சொல்லைப் பிரித்துக் காட்டி, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று வேறு பொருள் நிறுவினார். பிளவு வளர்ந்தது, பின்னர் அவ்வாசிரியரை விட்டு நீங்கவும் நேர்ந்தது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயின்றவர்களே. ஆசிரியரைப் போற்றினார்கள், சட்டத்தில் மாறுபடவும் செய்தார்கள்.

இங்கு நாம் காண்பது என்ன? கண்ணீர் மட்டும் போதவில்லை. அதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. காரணம் காட்டுவதற்கோ, நூலை ஆழ்ந்து கற்றிருக்க வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகள் உரைநூலின் விடையை மனனம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். "இந்நூலைப் பற்றி நீ என்ன எண்ணுகிறாய்?" என்று நாம் கேட்பதில்லை. இனிக் கேட்போம். "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்பதோடு நிறுத்த விடாமல், "ஏன்?" என்றும் வினவுவோம். வரும் விடை நம் கருத்துக்கே மாறாக அமையலாம். அப்போதும் செவிமடுப்பதே பெற்றோராகிய நம் கடமை.