உன்னிடத்தில் முதுமை அடைந்தால்...

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில், பெற்றோருக்கு உபகாரம் செய்யக் கட்டளையிடும் அல்லாஹ் ‘இன்தக’ என்றொரு சொல்லைச் சேர்க்கிறான். ‘உன்னிடத்தில்’ என்று பொருள். அவர்களில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமை அடைந்தால், ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே என்கிறான். நினைவு தப்பிய வாப்பாவையோ உம்மாவையோ வீட்டில் வைத்திருப்பவரே, இந்தச் சொல் உங்களைத்தான் அழைக்கிறது.

எல்லாம் அறிந்திருந்த மனிதர் எதையும் அறியாத நிலைக்குத் திரும்புவதை நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனம் சொல்கிறது. அந்தத் தள்ளாத வயதைவிட்டு நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியது புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்களே பாதுகாவல் தேடிய சோதனை என்றால் அது இலேசானதல்ல. ‘வயசானா மறதி வரத்தானே செய்யும்’ என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறும் வைட்டமின் பி12 குறைபாடும்கூட இப்படி மறதியைத் தரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள், மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

‘மணி என்ன?’ என்று வாப்பா பத்துத் தடவை கேட்பார். உங்களுக்கு அது பத்தாவது கேள்வி. அவருக்கு முதல் கேள்வி. ‘இப்பத்தானே சொன்னேன்!’ என்று எரிந்து விழுந்தால், அல்லாஹ் தடுத்த ‘சீ’ அதற்குள் வந்துவிடுகிறது. மவுத்தாகிவிட்ட வாப்பாவை ‘எங்கே?’ என்று உம்மா தேடுவார். ஒவ்வொரு முறையும் மவுத்துச் செய்தியைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிய துக்கம். ‘வாப்பாவைப் பத்திச் சொல்லுங்க உம்மா’ என்று பக்கத்தில் உட்காருங்கள். சொந்த வீட்டில் இருந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்றால் வாதாடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள்.

லுஹரைத் தொழுதது மறந்து, மறுபடியும் தக்பீர் கட்டினால் அதட்டாதீர்கள். புத்தி நீங்கியவரைவிட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. முழுவதும் புத்தி நீங்கியவருக்குத் தொழுகை கடமையில்லை. தெளிவு வரும் நேரத்தில் அருகில் நின்று தொழ வையுங்கள். சிறு வயதில் மனனம் செய்த பாத்திஹா பலருக்கு நெடுநாள் நாவில் தங்கும்; சேர்ந்து ஓதுங்கள்.

சகோதரர்களே! ‘என் மனைவி பார்த்துக்கொள்கிறாள்’ என்று பலர் பெருமையாகச் சொல்கிறோம். வசனம் பேசுவது பிள்ளைகளிடம். மாமியாரைக் குளிப்பாட்டுவது மருமகள்மீது மார்க்கம் சுமத்திய கடமையல்ல. அவர் செய்வது உபகாரம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற நபிமொழியை அவர் விஷயத்தில் நினைத்துப் பாருங்கள். இரவில் விழித்திருப்பதில் உங்கள் பங்கு என்ன? வளைகுடாவில் இருக்கும் சகோதரரே, பணம் மட்டும் போதாது. விடுமுறையில் வந்தால் அந்த நாட்களில் உம்மாவின் பொறுப்பை நீங்கள் ஏற்று, ஊரில் பார்த்துக்கொள்பவரைத் தூங்க விடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்ன பத்திரம் என்றே தெரியாத வாப்பாவிடம் கைநாட்டு வாங்கிச் சொத்தை எழுதிக்கொள்வது ஹராம். ஹிபா செல்லுபடியாக, கொடுப்பவருக்குப் புத்தித் தெளிவு வேண்டும். தானே சொல்லி எழுதவைக்க முடியாத பலவீனருக்காக அவரது பொறுப்பாளர் நீதியுடன் சொல்லட்டும் என்பது பகரா 282ஆம் வசனத்தின் கட்டளை. அவரது பணத்தை அவருக்கே செலவழித்து, கணக்கு எழுதி, உடன்பிறந்தவர்களிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் அவர் உங்கள் முகத்தைப் பார்த்து, ‘நீங்க யாரு தம்பி?’ என்று கேட்கலாம். நெஞ்சு உடைந்துபோகும். அதன்பின் நன்றி வராது, ‘நல்லா இரு’ என்ற துஆவும் வராமல் போகலாம். ஆனாலும் உங்கள் இறைவன் மறப்பவன் அல்லன் என்று மர்யம் அத்தியாயத்தின் 64ஆம் வசனம் உறுதி சொல்கிறது. நம்மைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டது யார் என்று தெரியாத ஒரு காலம் நமக்கும் இருந்தது. அன்று அவர்கள் நம்மிடம் நன்றி கேட்கவில்லை. பெற்றோருக்காகக் கேட்க அல்லாஹ் கற்றுத்தந்த துஆவும் அந்தச் சிறு வயதைத்தான் நினைவூட்டுகிறது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அதை ஓதுங்கள்.

யா அல்லாஹ்! நினைவு இழந்த பெற்றோருக்கு உன் ரஹ்மத்தைத் தா. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் உடல் வலிமையையும் தா. ஆமீன்.