கடைசியாகத் தொட்ட கை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். பழம் முன்பே பழுத்திருந்தது, காக்கையின் மேல் பழி இல்லை என்று பழமொழி அதற்குப் பரிந்து பேசுகிறது. காக்கைக்குக் கிடைத்த இந்தச் சலுகை மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவனுக்கு மட்டும் ஏனோ கிடைப்பதில்லை.

விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் வாயில் சைலன்சர் குழாயின் கழுத்தைப் பல வண்டிகளில் இரண்டு ஸ்டட்டுகளும் இரண்டு நட்டுகளுமே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்டட் என்பது தலையில்லாத மரையாணி. ஒரு முனை அலுமினிய ஹெட்டுக்குள் புதைந்திருக்கும், மறுமுனையில் நட்டு. பருமன் 6 அல்லது 8 மில்லிமீட்டர். வண்டியிலேயே அதிகமாக வேகிற இடங்களில் அது ஒன்று. ஓடும்போது கொதிக்கும்; நின்றால் ஆறும். மழைச் சேறு முன் சக்கரத்திலிருந்து நேரே அங்கேதான் தெறிக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரானால் உப்புக் காற்று வேறு. இரும்பு துருவாக மாறினால் முன்னைவிட அதிக இடம் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இடம் ஏது? இறுகிக்கொள்கிறது. எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியக்கூடியது அலுமினியம். ஈரம் சேர்ந்தால் அது எஃகைத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். எட்டுப் பத்து வருஷம் யாரும் தொடாமல் விட்ட நட்டு, நட்டாகவா இருக்கும்?

ஒரு நாள் பட்டறைப் பையன் ஸ்பானரைப் போடுகிறான். நட்டு சுழல்கிறது. பையனின் முகம் மலர்கிறது. மறு கணம் 'டக்' என்று ஒரு சத்தம். பாதி ஸ்டட் நட்டோடு அவன் கையில், மீதி ஹெட்டுக்குள். "உடைச்சுட்டியேடா!" என்கிறார் முதலாளி. "இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்தது!" என்கிறார் வண்டிக்காரர்.

இந்த வாக்கியத்தை நாம் பட்டறையில் மட்டுமா கேட்கிறோம்? அண்ணனும் தம்பியும் வருஷக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்கு ஒருத்தி மருமகளாக வருகிறாள். ஆறு மாதத்தில் பாகப் பிரிவினை. "வந்தாள், குடும்பத்தைப் பிரித்தாள்" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கடைசியாகத் தொட்ட கை எது என்று கண்டுபிடிப்பது சுலபம். பத்து வருஷத்து மழையை யார் கூண்டில் ஏற்றுவது?

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் மெக்கானிக்குக்கு வக்காலத்து வாங்கியதாக முடியும். பழம் பழுத்திருப்பது காக்கைக்குத் தெரியாது. அனுபவமுள்ள மெக்கானிக்குக்கோ நட்டின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். தெரிந்தவன் முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊற வைக்கலாம். மூலை மழுங்காதபடி ஆறு பட்டை ஸாக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பி, முன்னும் பின்னுமாகக் கெஞ்சலாம். பெட்ரோல் டாங்க்கை இறக்கி வைத்துவிட்டுச் சூடு காட்டலாம். அதிலும் ஜாக்கிரதை வேண்டும்: அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், இரும்பைப்போல முதலில் சிவந்து எச்சரிக்கை செய்கிற குணம் அதற்கில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரலாம், ஸ்டட் முறியும்.

இத்தனையும் செய்த பிறகும் முறிந்துவிடுவதுண்டு. ஆகவே ஸ்பானரைத் தொடுமுன் செய்ய வேண்டிய வேலை வாயால் செய்வது: "ஐயா, இது முறிந்தாலும் முறியும். முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், செலவாகும்" என்று சொல்லிவிடுவது. சொன்னால் வாடிக்கைக்காரர் எதிர்க் கடைக்குப் போய்விடுவாரே என்ற பயம் பட்டறைக்காரருக்கு. வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். நம்மில் எத்தனை பேர், கெட்ட செய்தியை முதலில் சொன்னவனை விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சிரித்தவனிடம் வண்டியை ஒப்படைக்கிறோம்!

என் கணக்கு இதுதான். சொல்லிய பின் முறிந்தால் செலவு வண்டிக்காரருடையது. துருவை வளர்த்தவர் அவரே. சொல்லாமல் முறிந்தால் பட்டறைக்காரருடையது. முறித்ததற்காக அல்ல, மௌனமாக இருந்ததற்காக. சொல்லியும், "அதெல்லாம் இல்லை, அரை மணியில் வேண்டும்" என்று அவசரப்படுத்திய வண்டிக்காரரானால், சில்லறைகூடக் குறைக்க வேண்டியதில்லை.

பையனைப் பற்றி இந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எண்ணெய் ஊற ஓர் இரவு கொடுப்பதா, சூடு காட்டுவதா, வண்டிக்காரரிடம் என்ன சொல்வது என்று எதையும் தீர்மானித்தவன் அவனல்ல. அப்படியிருந்தும் சனிக்கிழமைக் கூலியில் பத்து ரூபாய் குறைந்தாலும் அது அவன் கூலியிலிருந்துதானே குறையும்?