எழுதாமல் விட்ட பதில்கள்

ஆய்வேட்டு அட்டவணைகளில் கடைசி வரிசை பெரும்பாலும் 'பதில் இல்லை' என்றிருக்கும். கூட்டினால் நூறு வர வேண்டுமே என்பதற்காக வைத்ததுபோலத் தோன்றும். யாரும் அதில் கண்ணை நிறுத்துவதில்லை. சமூகவியல் முதுகலைக்காக வேளாங்கண்ணி நேர்த்திக்கடன்களைப் பற்றி நான் எழுதிய ஆய்வேட்டிலும், 'எதற்காக நேர்ந்துகொண்டீர்கள்?' என்ற கேள்விக்குக் கீழே அப்படி ஒரு வரிசை உண்டு. அதில் இருப்பவர்கள் வாய் திறக்காதவர்கள் அல்லர். மற்ற எல்லாரையும்விட அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் நிற்க இடம் இருக்காது. காவி கட்டி நடந்தே வருகிறவர்கள், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள், தொட்டில் கட்ட வந்த தம்பதிகள். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் முஸ்லிம்களும். கேள்வித்தாளும் பேனாவுமாக நிற்கும் மாணவிக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. கேட்டவுடன் சொல்வார்கள். பிள்ளைவரம், வேலை, கடன், அப்பாவின் குடி, மகளின் கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் குறித்துக்கொண்டால் போதும்.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முட்டிபோட்டு நகர்ந்து முடித்த ஒரு பெண், ஓரமாக உட்கார்ந்து முழங்காலில் சுற்றியிருந்த பழைய சேலைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துணி தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, நனைத்து நனைத்துப் பிரித்தார். அதைச் செய்துகொண்டேதான் பேசினார். யாரோடு கல்யாணம் ஆனது, எதை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள், என்ன கேட்டு மாதாவிடம் வந்தார், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை. நான் பேனாவைக் கீழே வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத எழுதிப்புடாத பாப்பா. மாதாவுக்குத் தெரியும், இப்ப ஒனக்குத் தெரியும். அது போதும்."

அதே ஊரில் காணிக்கைப் பொருட்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த கைகள், கால்கள், வீடுகள், தொட்டில்கள். கூடவே நன்றிக் கடிதங்கள். என்ன நோய், எப்படித் தீர்ந்தது என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். சொல்ல விரும்பியவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்தவை அவை. ஆய்வேட்டுக்குள் வருபவர்கள் அப்படி வருவதில்லை. அவர்கள் பேசுகிறார்கள், நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஒருவர் தன் வாழ்க்கையை நம் கையில் வைத்துவிட்டுப் போனபின், அதில் எவ்வளவு நமக்குச் சொந்தம்? எனக்கு இது ஆய்வுமுறைக் கேள்வியாக மட்டும் தோன்றவில்லை. தோழி சொன்னதை அம்மாவிடம் சொல்கிறோமே, நோயாளியாகப் படுத்திருக்கும் தாத்தாவைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடுகிறோமே, அங்கும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியோடு பழைய ஆய்வாளர்களைப் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களின் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918இல் புத்தகமாக வந்த அந்தக் கட்டுரைகளில், இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் ஒன்று. நிலம், கூலி, கடன் எல்லாம் ஊர்ப் பெயரோடே அச்சானது. அதனால்தான் பின்வந்தவர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று அளந்து பார்க்க முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக்கு வந்த கேத்லின் கஃப் தன் கிராமங்களைக் கும்பாப்பேட்டை, கிரிப்பூர் என்றார். ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட நூலில் தன் ஊரை ஸ்ரீபுரம் என்றார். எல்லாம் புனைபெயர்கள். பெத்தேயிடம் எனக்குப் பிடித்தது ஒன்று: அக்ரகாரத்தில் தங்கியதால் சேரிப் பக்கம் இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். தன் காதுக்கு எது எட்டவில்லை என்று எழுதுவது, எட்டியதை எழுதுவதைவிடக் கடினம்.

வேளாங்கண்ணிக்குப் புனைபெயர் வைக்க முடியாது. கடலோரத்தில் மாதா கோயில், காவி உடை, செப்டம்பர் திருவிழா என்றால் உலகத்துக்கே தெரிந்துவிடும். ஊரை மறைக்க முடியாதபோது ஆளை மறைப்பதும் பாதிதான் நடக்கும். வயதை மாற்றலாம், தொழிலை மாற்றலாம். அவரைச் சேர்ந்தவர்கள் படித்தால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியென்றால் வாயை மூடிக்கொள்வதே அறமா? இல்லை. வேளாங்கண்ணியிலிருந்து வெகுதூரம் போக வேண்டாம், கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரின் பெயர்களும் அங்கே நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூலி கேட்டதற்கு அந்த விலை. அங்கே போய் ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவேன் என்று ஒருவர் சொன்னால், அது அந்த மக்களுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. அவர்கள் கேட்பது பெயர் சொல்லப்பட வேண்டும் என்பதுதான்.

தான் பட்டதை மறைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. தான் செய்ததை மறைக்க அந்த உரிமை கிடையாது. ஆய்வேடு எழுதிய காலத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியாவிட்டாலும், கை இப்படித்தான் எழுதியது. திருவிழா நாட்களில் விடுதி அறைகளைக் கழுவும் பெண்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். ஒரு விடுதிக்காரர், "கூலி விவரமெல்லாம் எதுக்கும்மா, பக்தியப் பத்தி மட்டும் எழுதுங்களேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார், காப்பியும் வாங்கிக் கொடுத்தார். கூலியை எழுதினேன். விடுதிப் பெயரை விட்டுவிட்டேன், அவருக்காக அல்ல, அங்கே வேலை செய்யும் பெண்களுக்காக.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வு நடந்த அறையில், வெளித்தேர்வாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு நேராக அந்தப் 'பதில் இல்லை' வரிசைக்குத்தான் வந்தார். அடியில் நான் ஒரு குறிப்புப் போட்டிருந்தேன்: இவர்கள் பதில் சொன்னார்கள், பதிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். "பெயரை மாற்றி எழுதியிருக்கலாமே, நல்ல தரவு வீணாகிவிட்டதே" என்றார். பெயரை மறை என்று அவர்கள் கேட்கவில்லை, எழுதாதே என்றுதான் கேட்டார்கள் என்றேன். "அப்படியென்றால் உன் முடிவுரை முழுமையில்லையே?" ஆமாம் ஐயா, நேர்த்திக்கடனின் காரணங்களில் மிக ஆழமானவை இந்த ஏட்டில் இல்லை, இல்லை என்பதை ஏடே சொல்கிறது என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, மாதிரித் தேர்வு பற்றிய கேள்விக்குப் போனார். என் நெறியாளர் அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

அன்று சொன்னதை இன்றும் மாற்றமாட்டேன். வைவாவில் நாம் பதில் சொல்வது படித்த ஓரிருவருக்கு. நம் ஏட்டில் இருப்பவர்களோ அந்த அறைக்குள் வருவதே இல்லை. ஏடு ஆங்கிலத்தில் இருந்தால் அவர்களால் படிக்கவும் முடியாது. எழுதப்படுகிறவர்கள் படித்தவர்களாக இருந்தால் கதை வேறு. தமிழகக் கத்தோலிக்கக் கிராமங்களை ஆராய்ந்த டேவிட் மோஸ், மேற்கு இந்தியாவில் நடந்த வளர்ச்சித் திட்டம் ஒன்றைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலுக்கு, அந்தத் திட்டத்தில் அவரோடு பணியாற்றிய நிபுணர்களே கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முறையிடப் பல்கலைக்கழகமும் பதிப்பகமும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. முட்டியில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தவருக்கு எது இருந்தது?

நாகைக் கரையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமி அலை இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு கேள்வித்தாள்கள் வந்துகொண்டே இருந்தன. யாரை இழந்தீர்கள், அப்போது எங்கே நின்றீர்கள், இப்போது தூக்கம் வருகிறதா. வந்தவர்கள் பலருக்குப் பட்டம் கிடைத்திருக்கும்.

இப்போது நான் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் இடத்தில் இருக்கிறேன். ஒரு மாணவி வேளாங்கண்ணி மீனவக் குடும்பங்களில் பெண்களின் கடனைப் பற்றிச் செய்தாள். ஓர் அம்மா பேசியதெல்லாம் அவள் கைப்பேசியில் இருந்தது, பாதிக்கு மேல் சொந்தத் துக்கம். "இதை எடுத்துட்டா மார்க் கொறையுமா மேடம்?" என்றாள். குறையலாம் என்றேன். எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவுக்கே வாசித்துக் காட்டிவிட்டு வரச் சொன்னேன்.

வாசித்தாளாம். மகனைப் பற்றிய பத்தி முழுவதையும் அந்த அம்மா எடுக்கச் சொல்லிவிட்டார். பிறகு, "படகுக் கடனுக்கு வட்டிக்காரன் போடுற வட்டி எங்க? அத ஏன் எழுதல?" என்று கேட்டு, மாதாமாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று தேதி வாரியாகச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறார்.