தம்புள்ளையில் தானாய் எழும்பிய காடு



மாத்தளையிலிருந்து நாலந்தை வழியாகத் தம்புள்ளைக்கு பஸ்ஸில் போகும்போது, கைவிடப்பட்ட சேனைகளைப் பார்த்திருப்பீர்கள். காட்டை வெட்டி எரித்து, இரண்டொரு போகம் குரக்கனோ சோளமோ எடுத்துவிட்டுப் போன நிலம். முதலில் புல் வரும். பிறகு ஆள் நுழைய முடியாதபடி முட்புதர் மூடிக்கொள்ளும். வீணாய்ப் போன நிலம் என்று சொல்லிக்கொண்டு நாமும் கடந்துபோகிறோம்.

கண்டலமைக்குப் போகும் பாதையில் அப்படி ஒரு நிலத்தில், 1963இல், சாம் பொப்ஹம் என்ற வெள்ளைக்காரர் ஒரு மரச்சோலை அமைக்கத் தொடங்கினார். தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவர். கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார்; பெரும்பாலானவை பட்டுப்போயின. கொண்டுவந்து நட்டது பட்டுப்போகும் வேதனை நமக்குப் புதிதல்ல. தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் கரையிறங்கி, இதே தம்புள்ளைப் பாதையால் மாத்தளைக்கு நடந்த நம் முன்னோரில், காலராவுக்கு வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் புதரை வெட்டிய இடங்களில், தான் நடாத கன்றுகள் நிமிர்ந்து வருவதை அந்த மனிதர் கண்டார். பறவை போட்ட விதை, வெட்டுண்ட மரத்தின் சாகாத வேர், எல்லாம் அந்த மண்ணிலேயே இருந்திருக்கின்றன. அதன் பிறகு அவர் வழியை மாற்றிக்கொண்டார். முள்ளையும் கொடியையும் மட்டும் களைந்து, காட்டு மரக் கன்றுகளை விட்டுவைத்தார். இன்று அங்கே முதிரையும் கருங்காலியும் நிற்கின்றன. இரவில் தேவாங்கு நடமாடுகிறது.

மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன விவசாயியை நினைத்துக்கொள்கிறேன். அவன் தூங்குகிறான், எழும்புகிறான்; பயிர் எப்படி வளர்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

அன்பானவர்களே, குடியில் விழுந்த மகனிடம், கோவிலுக்கு வராமல் போன மகளிடம், நாம் எத்தனை புத்திமதிகளைக் கொண்டுபோய் நட்டிருக்கிறோம்! அவை பட்டுப்போனதும், இந்த மண்ணே சரியில்லை என்றோம். ஆண்டவர் அந்தப் பிள்ளைக்குள் ஏற்கெனவே ஊன்றி வைத்திருப்பதை ஒரு நாளாவது குனிந்து தேடினோமா? கத்தியை வீசியபோது முள்ளோடு சேர்த்துக் கன்றையும் வெட்டிவிட்டோமா?

கலங்க வேண்டாம். அந்த முட்புதர்கூட வீணல்ல. எரிந்த மண்ணை மழை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதும், விதை கொண்டுவரும் பறவைக்கு உட்கார ஒரு கிளை கொடுப்பதும் அதுதான். வெயில் தாங்கும் செடிகள் முதலில் வரும். நிழல் தேடும் கன்றுகள் அவற்றின் அடியில் வளரும். பெருமரங்கள் எழும்பத் தலைமுறைகள் ஆகும். இந்த ஒழுங்கை வைத்தவர் இறைவன். அவர் அவசரப்படுவதில்லை. உங்கள் மகன் இன்னும் முள்ளாய்த்தான் நிற்கிறான் என்றால், அவருடைய இரக்கம் அவனில் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னது?

நெருப்பு மட்டும் வேண்டாம். நம் மலைச்சரிவுகளில் மானாப்புல் ஆண்டுதோறும் தீப்பிடித்து எரிகிற இடங்களைப் பாருங்கள்: முளைத்த கன்றெல்லாம் கருகி, மறுபடியும் புல்தான் மிஞ்சுகிறது. அங்கே காடு திரும்ப வழியில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சண்டையிலும் பத்து வருஷத்துக் குற்றத்தைக் கிளறுகிறோமே, அது இந்த நெருப்புத்தான். வீட்டில் அதை வைப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான், திருப்பலி தவறாதவர்கள்தான். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். ஆண்டவர் மன்னித்த நிலத்தில் அவர் இரண்டாம் முறை தீ வைப்பதில்லை.

உங்கள் சொந்த மனதைப் பார்த்து, இதில் இனி ஒன்றும் முளைக்காது என்று முடிவு கட்டியவர்களும் இங்கே இருப்பீர்கள். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு நான் கோவிலில் உட்கார்ந்திருப்பேன். முதலில் திருந்திவிட்டு அப்புறம் வரலாம் என்று காத்திருக்காதீர்கள். வருஷக்கணக்காய் வராததால் ஜெபமெல்லாம் மறந்துபோயிற்றே என்ற கூச்சமும் வேண்டாம். வாருங்கள், நான் சொல்லித் தருகிறேன்.